பரமசிவத்தின் பத்து வருஷம்

பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இப்போது பத்தே கால். கருத்தரங்க அறைக்கு வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது முறையாகக் கைப்பையைத் திறந்து பென் டிரைவ் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. அது எங்கே போகும். போய்த் தொலைந்தால்கூட நல்லதுதான் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கிறது, சீச்சீ என்று விரட்டுகிறேன், ஏழு வருஷ உழைப்பு, கட்டை விரல் அளவு பிளாஸ்டிக்குக்குள். எனக்கு முன்னால் உள்ளே போனவர் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், கதவு இடுக்கு வழியாக 'ஆக' 'ஆக' என்பது மட்டும் கேட்கிறது. காலடியில் அட்டைப்பெட்டி. அதில் பன்னிரண்டு சிற்றுண்டிப் பொட்டலங்கள், ஆளுக்கு ஒரு சமோசா, ஒரு பால்கோவா, கொஞ்சம் மிக்சர். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு மட்டும் போதாது, வாய்க்கும் ஏதாவது போட வேண்டும், இது எந்த விதிமுறையிலும் எழுதப்படாத விதி. வெளியிலிருந்து வரும் நிபுணர் வசுமதி மேடத்துக்குச் சர்க்கரை என்று நெறியாளர் அருளப்பன் சார் சொல்லியிருந்தார், அதனால் அவருக்கு மட்டும் சுண்டல். அந்தப் பொட்டலத்தின் மேல் நீலப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். மாறிப் போய்விடக் கூடாது. சுண்டல் மாறாமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட சிரத்தையில் கால் பங்கை அந்தக் கேள்விக்குக் காட்டியிருந்தால் இப்படி உட்கார்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் கேள்வி. ஏழு வருஷமும் அந்த ஒரே கேள்விதான். எங்கள் மாமா கேட்பது வேறு கேள்வி, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், "ஹெல்த்தா, எகனாமிக்ஸா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு மங்கை, நானும் நாலு பேர்கிட்ட சொல்லணும்ல" என்பார். சுகாதாரப் பொருளியல் மாமா என்பேன். அப்ப டாக்டர் ஆகிடுவியா என்பார். ஆவேன், ஆனால் ஊசி போட மாட்டேன் என்பேன். சிரிப்பார்கள். உண்மையில் செய்வது இதுதான். நோயோடு வாழும் ஒரு வருஷம், நல்ல உடம்போடு வாழும் வருஷத்தில் எத்தனை மாதத்துக்குச் சமம் என்று கணக்குப் போடுவது. அதை மேஜையில் உட்கார்ந்து போட முடியாது, நோயாளியிடமே கேட்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் மெஷினில் நாலு மணி நேரம் படுத்திருப்பவரிடம் போய், ஐயா, இதே நிலைமையில் நீங்கள் பத்து வருஷம் இருப்பீர்கள், அல்லது நல்ல உடம்போடு இருப்பீர்கள் ஆனால் அதைவிடக் குறைந்த வருஷம், நல்ல உடம்புக்காக இந்தப் பத்தில் எத்தனை வருஷத்தை விட்டுக் கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். நாலு விட்டால் மிச்சம் ஆறு, அப்படியென்றால் அவருடைய ஒரு வருஷத்துக்கு மதிப்பு பூஜ்யம் புள்ளி ஆறு, அதாவது ஏழு மாதம். எழுதும்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. உலகம் முழுக்க இப்படித்தான் கேட்கிறார்கள். கையேட்டில் தடித்த எழுத்தில் நானே அடித்தேன்: வினாவை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்கவும். யாருக்காக அடித்தேன். நேர்காணல் எடுக்கப் போனதும் நான் ஒருத்திதான். எனக்கு நானே போட்ட உத்தரவு.

எழுபத்தொரு பேரிடம் அப்படியே வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்வது சுலபம். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், நாலு மணி நேரமும் திருப்பவே இல்லை. ஆனாலும் பதில் சொன்னார்கள், ஒரு மாதம் தருகிறேன், ஆறு மாதம் தருகிறேன், ஒண்ணும் தர மாட்டேன் போ. எழுபத்தொன்றாவது ஆள் கோட்டைச்சாமி. நாற்பத்து நாலு வயது, லாரி ஆபீசில் சரக்கு பதிகிறவர். பக்கத்தில் மனைவி முக்காலியில் உட்கார்ந்து அவருக்குத் தலை கோதிவிட்டுக்கொண்டிருந்தார். நான் கேள்வியை முடிப்பதற்குள் அந்த அம்மாவின் கை தாலியைப் பிடித்துவிட்டது. "ஏம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்து கேக்குற கேள்வியா இது? உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார், பாதி கண்ணில் விழுந்தது. கோட்டைச்சாமி சிரித்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை என் பக்கம் நீட்டி, "பத்து வருஷம் இருப்பேன்னு சொல்ற பாரு, அத எழுதிக் குடு தாயி. இதுவரைக்கும் எந்த டாக்டரும் சொல்லல. அத மட்டும் எழுதிக் குடு, ஒடம்பு இப்பிடியே இருந்துட்டுப் போவுது" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினேன், பூஜ்யம் வருஷம் விட்டுக் கொடுப்பார். பேருந்தில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். வெளியூர்க்காரி, இறங்க வேண்டிய இடம் தெரியாமல் அழுகிறாள் போல என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருக்க வேண்டும், எந்த ஸ்டாப்பும்மா என்று கேட்டார்.

மறுநாள் போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் பார்த்தேன். போனேன். எழுபத்திரண்டாவது ஆள் ஒரு டெய்லர், அவர் பக்கத்தில் அவருடைய மகள். படிவத்தை எடுத்தேன், 'நீங்கள்' என்று வாயைத் திறந்தேன், அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தது. "பரமசிவம்னு ஒருத்தர் இருக்கார்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர், எங்கள் சொந்தத்தில் பரமசிவம் யாரும் இல்லை. அவருக்கும் உங்களை மாதிரியேதான், வாரத்துக்கு ரெண்டு தடவை, அவர் எத்தனை வருஷத்தை விட்டுக் கொடுக்கலாம்னு நினைக்கிறீங்க? டெய்லர் நிம்மதியாகச் சாய்ந்து படுத்தார். "அவரு என்ன வேலை பாக்காரு?" என்றார். தபால் ஆபீஸ் என்றேன். இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பரமசிவத்துக்கு இரண்டு பெண்கள் ஆகிவிட்டார்கள், மூத்தவள் நர்சிங் படிக்கிறாள், ஓட்டு வீடு, குடிப்பழக்கம் கிடையாது. ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள், நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்த வார்டில் என்னைப் பார்த்தால் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. "பரமசிவம் டீச்சர் வந்துட்டாங்க" என்று ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குச் சொல்வார்கள். "பொண்ணக் கட்டிக் குடுத்துட்டாரா? குடுத்துட்டாருன்னா அஞ்சு வருஷம் போதும், ராசாவாட்டம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஒரு பூக்கார அம்மா. தாராளம் என்றால் தாராளம். ஒருத்தர் மூன்று விட்டுக் கொடுத்தார், ஒருத்தர் நாலு, ஒருத்தர் ஆறு. தன் வருஷத்தைக் கேட்டிருந்தால் ஒரு வாரம்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள், பரமசிவத்தின் வருஷங்களை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. உறைத்ததா, உறைக்காத மாதிரி இருந்தேனா. அன்றைய குறிப்பேட்டில், மரியாதை கருதிச் சொல் மாற்றம், என்று எழுதியிருக்கிறேன். மரியாதை. நூற்று முப்பத்தாறு பேர்.

மின்விசிறி இல்லாத வராந்தா, ஜாக்கெட் முதுகோடு ஒட்டுகிறது. பத்து முப்பத்தைந்து. ஆக, ஆக. போன வியாழக்கிழமை வசுமதி மேடத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது, மாதிரிக்கு இரண்டு நேர்காணல்களின் எழுத்து வடிவம் அனுப்பவும் என்று. ஒலிப்பதிவுகளைத் திறந்து கேட்க உட்கார்ந்தேன். என் குரலை நானே கேட்பது எனக்கு ஒருபோதும் பிடிக்காது. முதல் கோப்பில் ஒரு பெண் பயந்து பயந்து வாசிக்கிறாள். எண்பதாவது கோப்பில் அதே பெண் கதை சொல்கிறாள், குரல் குழைகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆய்வா. சும்மா பார்ப்போமே என்று தரவுகளை இரண்டாகப் பிரித்துச் சராசரி எடுத்தேன். சும்மா என்று எதையும் செய்யக் கூடாது. நேரடியாகக் கேட்ட எழுபத்தொரு பேருக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று. பரமசிவத்தை வைத்துக் கேட்ட நூற்று முப்பத்தாறு பேருக்குப் பூஜ்யம் புள்ளி ஆறு. இரண்டையும் கலந்தால் பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று, அதுதான் ஆய்வேட்டில் இருக்கும் எண். அருளப்பன் சார் அதைப் பார்த்துப் பூரித்துப் போனவர். "வெளிநாட்டு ஆய்வோட அப்படியே ஒத்துப் போகுதும்மா, தங்கமான நம்பர்" என்றார். தங்கமான நம்பர். அவரவர் வருஷத்தைக் கேட்டால் பதினோரு மாதம் என்கிறார்கள், நான் அதை எட்டரை மாதம் என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். இந்த எண் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் என்றாலாவது பரவாயில்லை. தாலுகா ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் பிரிவு தொடங்கலாமா என்று ஆராயும் குழு ஒன்றுக்கு சார் இதை அனுப்பப் போகிறார். அங்கே யாரோ ஒருவர் நோயாளிகளின் எண்ணிக்கையை வருஷத்தால் பெருக்கி, அதை என் எண்ணால் பெருக்குவார். ஒவ்வொரு பெருக்கலிலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மாதத்துக்கு மேல் காணாமல் போகும். இவ்வளவு குறைந்த பலனுக்கு இத்தனை மெஷினா என்று கேட்பார். கோட்டைச்சாமியின் மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் காட்டிய இரக்கம் அது. இரக்கமா அது, கோழைத்தனம், என் நெஞ்சு வலிக்காமல் இருக்க நான் பார்த்துக்கொண்ட வழி. ஆனால் அவர்கள் சிரித்தார்களே. சிரித்தார்கள்தான். நேர்காணலுக்குப் போனேனா, சிரிக்க வைக்கப் போனேனா.

சொல்லிவிட்டால் என்ன ஆகும். நவம்பரோடு கடைசி நீட்டிப்பு முடிகிறது, அதற்கு மேல் பல்கலைக்கழகம் ஒரு நாள்கூடத் தராது. கல்லூரி வேலை பட்டம் வந்தால் என்ற நிபந்தனையில் நிற்கிறது. எழுபத்தொரு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிவிடலாமா, எழுபத்தொன்று போதாது, குறைந்தது இருநூறு வேண்டும் என்று இரண்டாவது அத்தியாயத்தில் நானே நிறுவியிருக்கிறேன், நிறுவியிருக்கிறேன் என்பதில் எவ்வளவு திமிர். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது. ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், கைதட்டுவார்கள், சமோசா சாப்பிடுவார்கள். திரையில் காட்டப்போகும் பக்கங்களின் கடைசியில், ஆய்வின் குறைகளைச் சொல்ல, வரம்புகள் என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், நேற்று அதில் ஒரு வரி சேர்த்தேன்: சில நேர்காணல்களில் சூழல் கருதி வினாவின் வடிவம் சற்றே மாற்றப்பட்டது. சில. சற்றே. சூழல் கருதி. இந்த மூன்று சொற்களும் சேர்ந்து நூற்று முப்பத்தாறு பேரை எப்படி மூடிவிட்டன பார். பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதனால்தான் அதைப் படிக்கும்போது உள்ளங்கை ஜில்லென்று ஆகிறது. அழித்தேன், மறுபடி சேர்த்தேன், காலையில் பஸ்ஸில் மறுபடி அழிக்க நினைத்து மடிக்கணினியைத் திறந்தேன், சார்ஜ் இல்லை. இப்போது இருக்கிறதா இல்லையா என்பதே எனக்கு மறந்துவிட்டது. இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கதவு திறக்கிறது, அருளப்பன் சார்தான். கையில் காலி டம்ளர். "என்ன மங்கை, முகமே சரியில்ல. காலைல சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் சார் என்கிறேன், சாப்பிடவில்லை. நல்ல மனிதர், ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைக் காக்க வைத்துக் கையெழுத்துப் போட்டதில்லை, இவர் முகத்தில்தான் நான் கரியைப் பூசப் போகிறேன். சொல். இப்போது சொல். "சார், ஒரு விஷயம். கேள்விய நான் கொஞ்சம் மாத்திக் கேட்டிருக்கேன் சார், சில பேர்கிட்ட." டம்ளரை ஆட்டிப் பார்க்கிறார். "சில பேருன்னா எத்தனை பேர்?" நூற்று முப்பத்தாறு. நூற்று முப்பத்தாறு சார். நாக்கு நுனியில் நிற்கிறது. "கொஞ்சம் பேர் சார்" என்கிறது என் வாய். "அதுக்குத்தான வரம்புகள்னு ஒரு பக்கம் வச்சிருக்கோம். அதுல ஒரு வரி போட்டுரு. களத்துல எறங்குனா அப்பிடி இப்பிடித்தாம்மா இருக்கும். தைரியமா இரு, மேடம் நல்ல மூடுல இருக்காங்க." போய்விட்டார். கொஞ்சம் பேர். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று, நாளைக்கு ஏதாவது ஆனால் நான் அன்றைக்கே சொன்னேனே சார் என்று சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு சாமர்த்தியமாக வேலை செய்கிறது இந்தப் புத்தி. பயத்தில்கூடக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது. உள்ளே கைதட்டுகிறார்கள், நிலத்தடி நீர் முடிந்தது, பியூன் வந்து பெட்டியைத் தூக்குகிறார், "நட்சத்திரம் போட்டது மேடத்துக்கு அண்ணே" என்கிறேன், இது மட்டும் தெளிவாக வருகிறது வாயில்.

உள்ளே குளிர். ஏழு பேர், நீள மேஜை. வசுமதி மேடம் நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம், நரைத்த கொண்டை, சுண்டலை இப்போதே பிரித்துவிட்டார். தலைப்பைச் சொல்கிறேன், முறையைச் சொல்கிறேன், என் குரல் யாருடையதோ போல் போய்க்கொண்டிருக்கிறது, அந்த எண் திரையில் வருகிறது, பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று. சார் பெருமையாகச் சுற்றிலும் பார்க்கிறார். மேடம் கையைத் தூக்குகிறார். "ரொம்ப நல்லாயிருக்கு. ஒண்ணு மட்டும் பாக்கணும். படிச்சவங்களுக்கே இந்தக் கேள்வி குழப்பும். நீங்க எப்படிக் கேட்டீங்கன்னு கேட்டுக் காட்டுங்க. நான்தான் நோயாளி, டயாலிசிஸ்ல இருக்கேன். கேளுங்கம்மா." நாற்காலியில் சாய்ந்து கையை மேஜை மேல் நீட்டி வைத்துக்கொள்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். என் நாக்கு பழகிய தடத்துக்குப் போகிறது. பரமசிவம்னு. ப என்று உதடு ஒட்டிவிட்டது. ஒட்டிய உதட்டை எப்படிப் பிரித்தேன் என்று தெரியவில்லை, மேடத்தின் கண்ணைப் பார்த்து, "நீங்க இதே நிலைமையில பத்து வருஷம் இருப்பீங்க. இல்லன்னா நல்ல உடம்போட, ஆனா அதவிடக் குறைஞ்ச வருஷம். நல்ல உடம்புக்காக உங்க பத்து வருஷத்துல எத்தனை வருஷத்தை விட்டுக் கொடுப்பீங்க?" என்கிறேன். மேடம் சிரித்துக்கொண்டே, "ம், ஒரு மூணு" என்று ஆரம்பிக்கிறார். நிறுத்துகிறார். சிரிப்பு மெதுவாகப் போகிறது. நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். "குடுக்க மாட்டேன். ஒரு நாள்கூட" என்கிறார், பேராசிரியர் குரலில் இல்லை. பிறகு தண்ணீர் குடிக்கிறார்.

"எல்லார்கிட்டயும் இப்படியா கேட்டீங்க?"

"ஆமா மேடம், ஒரு வார்த்தை மாறாம" என்கிறார் அருளப்பன் சார்.

"இல்ல மேடம்" என்கிறேன் நான். "எழுபத்தொரு பேர்கிட்டதான். நூத்தி முப்பத்தாறு பேர்கிட்ட இன்னொருத்தரப் பத்திக் கேட்டேன். அவங்க மூஞ்சியப் பாத்துக் கேக்க முடியல." சார் என் பக்கம் திரும்புகிறார், நான் அவரைப் பார்க்கவில்லை. மற்றதையும் சொல்கிறேன், இரண்டு சராசரியையும் சொல்கிறேன், பதினோரு மாதம் எட்டரை ஆனதைச் சொல்கிறேன். யாரும் கத்தவில்லை. மேடம் குறித்துக்கொள்கிறார், பேனாவை மூடுகிறார்.

"திரும்பப் போய்க் கேக்கணும்மா. வேற வழி இல்ல."

"போறேன் மேடம்."

"போன் நம்பர் எல்லாம் வச்சிருக்கீங்கல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் என்ன, நவம்பருக்குள்ள முடிச்சிரலாம். நேர்காணல் எடுத்து எவ்வளவு நாள் ஆச்சு?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்." சொல்லும்போதுதான் அது எனக்கே கேட்கிறது. இவ்வளவு நேரம் எதற்கெல்லாமோ பயந்தேன், பட்டத்துக்கு, வேலைக்கு, சார் முகத்துக்கு.

"சரி. நூத்தி முப்பத்தாறுல எத்தனை பேர் கெடைப்பாங்க?"

பூக்கார அம்மா, டெய்லர், சுவர்ப் பக்கம் திரும்பாமல் சிரித்த எத்தனையோ பேர். மெஷினில் படுத்தபடி, இன்னொருவனுக்கு அஞ்சு வருஷம் போதும் என்று சொன்னவர்கள்.

"தெரியல மேடம்" என்கிறேன். "இருக்காங்களான்னு ஒருத்தருக்குக்கூட நான் போன் பண்ணிப் பாக்கல."